தோரணமலை இறங்கிய மறுநாள்

தோரணமலை அன்றைக்கு வலிக்காது. சித்தர் தேரையர் மருத்துவம் பார்த்ததாக ஊர் சொல்லும் மலை அது. கடையத்திலிருந்து அதிகாலையில் கிளம்பி, படியேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, வெயிலுக்கு முன் இறங்கி, வீட்டில் நன்றாகத் தூங்கவும் தூங்கலாம். மறுநாள் காலையில்தான் இருக்கிறது. போன முறை எங்கள் வாசலில் இருக்கும் இரண்டே படியை நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன்.

ஏற்றமா, இறக்கமா?

பழி ஏற்றத்துக்குப் போகிறது. வேலையைக் காட்டுவது இறக்கம். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. பழகாத தசையில் நுண்ணிய கிழிசல் விழும். அதைச் சரிசெய்ய உடம்பு எடுக்கும் முயற்சிதான் இந்த உளைச்சல். 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சம், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலி என்பது பழங்கதை. அது ஓரிரு மணி நேரத்திலேயே ரத்தத்தைவிட்டுப் போய்விடுகிறது.

செட் மாத்திரை

"கால் உளையுது" என்றால் போதும், சில கடைகளில் அட்டையைக் கத்தரித்துச் செட் மாத்திரை என்று தந்துவிடுவார்கள். துண்டில் பாதிப் பெயர் இருக்கும், காலாவதித் தேதி இருக்காது. பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக்.

இவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தடுக்கின்றன. வலியைக் கூட்டுவது அதுதான். ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்ப்பதும் அதேதான். வியர்த்து வற்றிப்போய் இறங்கியவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் மாத்திரை போடுவதில்தான் ஆபத்து. (மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அதன் இறைச்சியைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. 2006இல் கால்நடைக்கு அதைத் தடைசெய்தார்கள். மனிதன் கழுகல்ல, ஆனாலும் மிட்டாய் அல்ல அது.)

ஜிம் பிள்ளைகளுக்கு இன்னொரு சேதி. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், எடைப்பயிற்சியோடு 8 வாரம் தினமும் இதே வகை மாத்திரையான ஐபுப்ரோஃபென் 1,200 மி.கி. எடுத்த இளைஞர்களின் தொடைத் தசை, குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு வளர்ந்ததில் ஏறக்குறையப் பாதிதான் வளர்ந்தது. என்றோ போடும் ஒரு மாத்திரைக்கு இது பொருந்தாது. தினமும் போடுகிறவர்கள் யோசிக்கட்டும்.

அப்புறம் என்ன செய்ய?

தண்ணீர், தூக்கம், பயறோ முட்டையோ. முடங்கிப் படுக்காமல் தெருக்கோடி வரை மெதுவாக நடந்தால் பிடிப்பு தளரும். தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று, கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அதற்கும் மருத்துவரைக் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு செட் மாத்திரை வேண்டவே வேண்டாம்.

சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, தொடை கல்லாக வீங்கினாலோ அது உளைச்சல் அல்ல. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்று இரவே தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.