தொழிலை மாற்றும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

"கடையை மூடிவிட்டு வேறு ஏதாவது பார்க்கலாமா?"

வியாபாரிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2022 நெருக்கடியில் முதலை இழந்தவர் கேட்கிறார். பக்கத்தில் சுப்பர் மார்க்கெட் வந்ததால் விற்பனை குறைந்தவர் கேட்கிறார். பிள்ளைகள் கடைக்கு வர மறுப்பதால் அறுபது வயதில் தனித்து நிற்பவரும் கேட்கிறார்.

இப்படிப்பட்டவர்களுக்கு வழிகாட்டுவதே இன்று ஒரு தொழிலாகிவிட்டது. 'கோச்சிங்' என்கிறார்கள். அமெரிக்காவில் 1990களில் இது தனித் துறையாக வளர்ந்தது. அத்துறையினரின் சர்வதேச சம்மேளனம் 1995இல் உருவானது. கோச் உங்களுக்கு முதல் தரமாட்டார், தொழிலும் பழக்கமாட்டார். கேள்விகளைக் கேட்டு, உங்கள் முடிவை நீங்களே தெளிவாக எடுக்க உதவுவார். அவ்வளவுதான் அவர் வேலை.

அந்தக் கேள்விகளுக்கு நம் நாட்டவர் இருவரின் வாழ்க்கையிலேயே நல்ல விடை இருக்கிறது.

முதலாமவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் படித்தவர். அங்கே அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய செமினரி, ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் என்று உயர்கல்வி கொடுத்தது. 1855இல் அது மூடப்பட்டது. பின்பு 1872இல் அவ்வூரில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அந்தச் செமினரியின் மாணவர்தான் 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை.

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர் என்றே அவரைப் பலரும் அறிவார்கள். அவர் எத்தனை தொழில் மாறினார் என்று பாருங்கள். கோப்பாயில் ஆசிரியர், சென்னையில் 'தினவர்த்தமானி' பத்திரிகை ஆசிரியர், அரசாங்கக் கணக்குத் திணைக்கள அதிகாரி, கும்பகோணத்தில் வழக்கறிஞர், புதுக்கோட்டையில் நீதிபதி. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் இவர் ஒருவர். மற்றவரான கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவரே.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அவர் சட்டப் பரீட்சையில் தேறியது 1871இல். அப்போது அவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். உடனே வேலையை விடவில்லை. 1882இல் ஓய்வு பெற்ற பின்புதான் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். ஐம்பது வயதில் தொடங்கிய தொழிலுக்குப் பதினொரு வருடம் முன்பே அடித்தளம் போட்டிருந்தார். வீரசோழியம் 1881இல் அவர் பதிப்பாக வந்ததும் உத்தியோகத்தில் இருந்தபோதுதான்.

இரண்டாமவர் நம் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, 1935இல் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். 1948இல் அந்தப் பெரிய பதவியை விட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபரானார். ஒரே நாளில் பிறந்த எண்ணமா அது? கல்முனையில் அதிகாரியாக இருந்தபோதே முஸ்லிம்களின் கல்விக்காக உழைத்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார். போகப்போகும் வழியில் முன்பே நடந்து பார்த்தவர் அவர்.

எல்லாருக்கும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் மிகக் குறுகிய காலக்கெடுவில் வெளியேற்றப்பட்டபோது கடை, சரக்கு, வீடு எல்லாம் போயின. அவர்களில் எனக்குத் தெரிந்த ஒரு இரும்புக்கடை நானா புத்தளத்தில் வெறுங்கையோடு நின்றார். சொன்ன தவணையில் காசு கட்டுகிறவர் என்று கொழும்பு மொத்த வியாபாரிக்குத் தெரிந்திருந்ததால் சரக்குக் கடனாகக் கிடைத்தது. கடை போனாலும் பெயர் போகவில்லை. மீண்டும் எழுந்தார்.

ஆகவே, தொழில் மாற நினைப்பவர்கள் ஒரு கொப்பியை எடுத்து இவற்றுக்குப் பதில் எழுதுங்கள்.

1. கடையை மூடினாலும் என்னோடு வருவது எது? கொள்முதல் அறிவா, கணக்கா, வாடிக்கையாளரா, நாணயமா?

2. புதிய தொழிலைச் சிறிய அளவிலாவது செய்து பார்த்தேனா? பலசரக்குக் கடைக்காரர் உணவகம் திறக்க நினைத்தால், முதலில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பார்சல் சாப்பாடு விற்றுப் பார்க்கலாம்.

3. வருமானம் இல்லாமல் எத்தனை மாதம் வீட்டுச் செலவு ஓடும்?

4. கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய பாக்கி எவ்வளவு? கடனைத் தீர்க்காமல் மாறினால் பெயர் கெடும். புதிய தொழிலுக்கு அந்தப் பெயர்தான் முதல்.

5. மனைவி மக்களிடம் பேசினேனா? அவர்கள் சம்மதம் இல்லாத தொழிலில் பாதி பலம் வீட்டிலேயே போய்விடும்.

பதில்களை அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டி மஷூரா செய்யுங்கள். அவர் உங்களுக்குச் சரக்கு விற்பவராகவோ, கடன் தந்தவராகவோ இருக்கக் கூடாது. பணம் கொடுத்துக் கோச்சிடம் போவதானால் பயிற்சி, கட்டணம், எத்தனை சந்திப்பு, இரகசியம் காப்பாரா என்பதை முதலிலேயே கேளுங்கள். மாதம் இவ்வளவு இலாபம் என்று உறுதி சொன்னாலோ, ஆள் சேர்க்கும் வியாபாரத்தில் சேரச் சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள். பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை.

தொழில் மாறுவது தோல்வியல்ல. ஆனால் ஆத்திரத்தில் மூடிய கடையைத் திரும்பத் திறப்பது கடினம். அடுத்த தொழிலுக்கான வேலையை, இந்தக் கடை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பியுங்கள்.