நிலைமொழியும் வருமொழியும்: குறிக்கணித மென்பொருளில் செய்கை விதி

கரவெட்டி என்னும் சொல்லின்முன் கோயில் வரின் கரவெட்டிக்கோயில் என வல்லெழுத்து மிகும். மண் வரின் இயல்பாய் நிற்கும். ஊர் வரின் யகர உடம்படுமெய் தோன்றிக் கரவெட்டியூர் என்றாகும். நிலைமொழி ஒன்றே, முடிபு மூன்று. நிலைமொழியை மட்டும் நோக்கி விதி கூறல் இயலாதென்பது இதனாற் பெறப்படும். இரு சொற்களின் உறவும் நோக்கற்பாலது. வேற்றுமையில் யானைக்கால் என மிகுவது, உம்மைத்தொகையில் யானை குதிரை என மிகாது நிற்கின்றது. பவணந்தியார் நன்னூலில் இவையனைத்தையும் ஒருங்கு வைத்தே விதி வகுத்தார்.

எண்களை மட்டுமன்றி மாறி, பல்லுறுப்பி, தாயம் ஆகியவற்றையும் குறிகளாகவே கையாளும் கணினி நிரல் நூலகங்களிலும் இவ்வினாவே எழுகின்றது. பெருக்கற்குறியின் இருபுறமும் வெவ்வேறு வகைப் பொருள்கள் நிற்பின், எவ்வகையின் விதி செல்லும்?

பைதன் மொழி முதலில் இடப்பக்கத்துப் பொருளையே வினவும். அது 'அறியேன்' என்றால் மட்டுமே வலப்பக்கத்தை வினவும். வலப்பக்கத்து வகை இடப்பக்கத்து வகையின் வழித்தோன்றலாயின், அதனைச் சில வேளை முன்னர் வினவுதலும் உண்டு. இடர் யாதெனின், அறியாத பொருள் அறிந்ததுபோல விடை கூறிவிடுவதே. x என்னும் மாறி தன் வலப்பக்கத்துத் தாயத்தையும் சாதாரணக் கோவையெனக் கொண்டால், பெருக்கத்தின் வரிசையை அது மாற்றிவிடவுங் கூடும். தாயங்களிலோ அஆ என்பதும் ஆஅ என்பதும் பொதுவாகச் சமமல்ல. நிரல் இடையில் நின்றுவிடின் பிழை தெரியும். பிழைபட்ட விடையைத் தந்து மேற்செல்லின் யார் காண்பார்?

பைதனில் எழுதப்பட்ட சிம்பை என்னும் நூலகம் வகைகட்கு முதன்மை எண் வழங்கிற்று: சாதாரணக் கோவைக்கு 10, தாயத்துக்கு 10.01, தாயக் கோவைக்கு 11. வலப்பக்கத்து எண் பெரிதாயின் செய்கை அதனிடம் ஒப்படைக்கப்படும். எளிய உபாயமே, ஆயினும் தம்முள் அறிமுகமில்லாத இருவர் தனித்தனியே புதுவகை படைத்து ஒரே எண்ணை இட்டுவிட்டால், தீர்ப்பு மீண்டும் இடப்பக்கத்துக்கே செல்லும். எல்லா வகைகளையும் ஒரே ஏணியில் ஏற்ற முயல்வதே இதன் குறை.

ஜூலியா மொழி இலக்கணிகளின் வழிக்கு அணித்தானது. ஆங்கு விதி ஒரு பொருளுக்கன்று, பொருளிணைக்கே எழுதப்படும். 'தாயமும் யாதானும் ஒன்றும்' என ஒரு விதியும், 'யாதானும் ஒன்றும் பல்லுறுப்பியும்' என மற்றொரு விதியும் இருப்பின், தாயமும் பல்லுறுப்பியும் சேருமிடத்து இரண்டும் பொருந்தும். ஜூலியா அவற்றுள் ஒன்றைத் தானே தெரிந்தெடாது, ஐயமெனக் கூறி நின்றுவிடும். அவ்விணைக்கெனச் சிறப்புவிதி ஒன்றை எழுதுதல் நூலகம் வகுப்போர் கடன்.