ஆளேற்றும் விமானமும் சரக்கேற்றும் விமானமும்

விமானி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது பயணிகளைச் சுமந்து செல்லும் விமானமே. ஊர் உறங்கிய பின் புறப்பட்டு, ஊர் விழிக்குமுன் திரும்பிவிடும் சரக்கு விமானங்களும் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பல ஆண்டுகளாகப் பயணிகள் விமானம் ஓட்டிவரும் நான், சரக்கு விமான நிறுவனம் ஒன்றுக்கு மாறலாமா என்று இப்போது சிந்தித்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கேள்வியுற்ற என் சிறிய தந்தையார், செய்யாற்றங்கரையில் உள்ள கலசப்பாக்கத்தில் பட்டுத்தறி வைத்திருப்பவர், "ஏன்டா, ஆளை ஏத்தினவன் மூட்டை ஏத்தப் போறியா?" என்று கேட்டார். பேருந்து ஓட்டியவன் லாரிக்கு இறங்கி வருவது போன்றது இது என்பது அவர் கருத்து. மாணவர்களில் பலரும் அவ்வாறே நினைக்கக்கூடும். ஆகவே இதைச் சற்று விரிவாக ஆராய்வது தகும்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். விமானம் மூட்டை ஏற்றியது பின்னாளில் வந்த வழக்கமன்று. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், அலகாபாத்தில் ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் ஏறத்தாழ 6,500 கடிதங்களுடன் விமானத்தில் கிளம்பி, யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். அஞ்சல் துறையின் இசைவோடு நடந்த உலகின் முதல் விமான அஞ்சல் அதுவே. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானம் ஒன்றை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைச் சென்னைக்குக் கொண்டு வந்தார். அந்தப் பயணத்தின் நோக்கமும் அஞ்சல் பைகளே. நம் நாட்டின் பெரிய விமான நிறுவனம் ஒன்று மூட்டை சுமந்தே பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதனினும் சுவையானது இரவு விமான அஞ்சலின் கதை. ரஃபி அகமது கித்வாய் மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த காலத்தில், 1949 ஜனவரியில் அது தொடங்கப்பட்டது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நள்ளிரவை ஒட்டி நாக்பூரில் வந்து கூடும். அங்கே அஞ்சல் பைகள் கைமாறும். விமானங்கள் மீண்டும் கிளம்பி, விடியற்காலையில் தத்தம் ஊர் சேரும். மாலையில் சென்னையில் அஞ்சல் செய்த கடிதம் மறுநாளே டில்லியில் கிடைத்தது. இதில் அடங்கியுள்ள கணக்கைக் கவனியுங்கள். நான்கு நகரங்களை நேருக்கு நேர் இணைக்க 6 வழித்தடங்கள் வேண்டும்; நடுவில் ஒரு கூடுமிடத்தை வைத்துவிட்டால் 4 போதும். நகரங்கள் பத்தாகுமானால் 45 தடங்கள் வேண்டியிருக்கும் இடத்தில் பத்தே போதுமானவை. நாக்பூர் ஏற்பாடு 1973 வரை நடைபெற்றது. அதே 1973-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரை நடுவாக வைத்து, 14 சிறு விமானங்களுடன், முதல் இரவில் 186 பொட்டலங்களை ஏற்றி ஃபெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் தொழில் தொடங்கியது. உலகம் அதைப் புதுமை என்று கொண்டாடிற்று. நம் அஞ்சல்காரர்கள் அதையொத்த ஏற்பாட்டைக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, இரண்டு எஞ்சின் கொண்ட டகோட்டா விமானங்களை வைத்து நடத்திக் காட்டிவிட்டனர்.

இன்று விமானத்தில் என்னென்ன செல்கின்றன? உலக வாணிபச் சரக்கில் எடையைக் கொண்டு பார்த்தால் விமானத்தில் செல்வது நூற்றில் ஒரு பங்குகூட இராது. ஆனால் விலையைக் கொண்டு பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எடை குறைந்து விலை மிகுந்த பொருளே ஆகாயத்தில் பறக்கும் என்பது இதனால் விளங்கும். ஆரணிப் பக்கத்துப் பட்டுச் சேலை அத்தகைய பொருள். அதன் பாவுக்கும் ஊடைக்கும் வேண்டிய பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது. நெய்து முடித்த சேலையோ ஒரு கிலோவை எட்டுவதே அரிது. எனினும் பெரும்பாலான சேலைகள் இன்றும் சாலை வழியாகவே செல்கின்றன என்பதை மறைக்கக் கூடாது. திருமணநாள் நெருங்கிவிட்ட சேலைதான் விமானம் ஏறும். விமானக் கூலி எடையை மட்டும் பார்த்து விதிக்கப்படுவதும் இல்லை. பொதுவாக 6,000 கன சென்டிமீட்டர் இடத்தை ஒரு கிலோவாகக் கணக்கிடுவர். 60 சென்டிமீட்டர் நீளமும் 40 அகலமும் 20 உயரமும் உள்ள இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றரைக் கிலோவே இருந்தாலும் 8 கிலோவுக்குக் கூலி கேட்கும். மடித்து அடுக்கிய பட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. உலகில் விமானத்தில் செல்லும் சரக்கில் பாதியளவு, பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான் செல்கிறது. மேலே 180 பேர் உண்டியும் உறக்கமுமாக இருக்கையில், அவர்கள் காலடியில் மருந்தும் மீனும் பூவும் கைப்பேசிகளும் பயணம் செய்கின்றன. ஆகவே இந்நாள் வரை நான் மூட்டை ஏற்றாதவன் என்று சொல்லிக்கொள்ள இடமில்லை.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? சரக்கின் தன்மையில் ஓரளவும், பறக்கும் நேரத்தில் பெரும்பாலும் இருக்கிறது.

பயணி தன்னைத் தானே இருக்கையில் கட்டிக்கொள்வான். சரக்கு அவ்வாறு செய்யாது. அலுமினியப் பெட்டிகளிலும் தட்டுகளிலும் அடுக்கி, வலையிட்டு, தரையில் உள்ள பூட்டுகளில் மாட்ட வேண்டும். எடை முழுவதும் ஒன்றுகூடும் புள்ளி குறிப்பிட்ட எல்லைக்குள் நிற்க வேண்டும். அது பின்னால் நகர்ந்தால் விமானத்தின் மூக்கு தானே மேலெழும். 2013 ஏப்ரல் 29-ஆம் நாள் ஆப்கானிஸ்தானத்தின் பாக்ராம் தளத்திலிருந்து கவச வண்டிகளை ஏற்றிக் கிளம்பிய பெரிய சரக்கு விமானம் ஒன்றில், வண்டி கட்டறுந்து பின்னோக்கி ஓடி, வால்பகுதிக் கருவிகளைச் சிதைத்தது. ஏழு பேரும் மாண்டனர். விமானி எத்துணைத் திறமையுடையவராயினும், கீழே கட்டியவரின் கையில் அவர் உயிர் இருக்கிறது.

தீ அடுத்த அச்சம். சரக்கு விமானத்தின் மேல்தளத்தில் தீப்பிடித்தால், பெரும்பாலானவற்றில் அதை அணைக்கப் பணியாள் எவரும் இல்லை. காற்றோட்டத்தை நிறுத்தி, உள்ளழுத்தத்தைக் குறைத்து, உயிர்வளி இன்றித் தீ தணியட்டும் என்று காத்திருப்பதே முறை. விமானிகள் முகமூடி அணிந்துகொண்டு அருகிலுள்ள நிலையத்தைத் தேடுவர். 2010 செப்டம்பர் 3-ஆம் நாள் துபாயில் விழுந்த சரக்கு விமானத்தில் லித்தியம் மின்கலங்கள் இருந்த சரக்கில் தீ மூண்டு, புகை விமானிகளின் கண்ணை மறைத்தது, இருவரும் இறந்தனர். இதன் பின் நடந்ததைப் பாருங்கள். லித்தியம் அயனி மின்கலங்களைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றலாகாது என்று சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 2016 ஏப்ரல் முதல் தடை விதித்தது. தடை நியாயமானதே. ஆனால் அப்பெட்டிகள் ஆகாயத்தை விட்டு அகன்றுவிடவில்லை. அவை சரக்கு விமானத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கேயும் இரண்டு மனிதர்கள் இருக்கின்றனர் அன்றோ?

இனி இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தயக்கத்தின் வேர் அங்கேதான் உள்ளது. மனித உடலினுள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதைத் திருத்துவது சூரிய வெளிச்சம். இரவு 2 மணி முதல் விடியல் 6 மணி வரை அக்கடிகாரம் தாழ்ந்த நிலையில் இருக்கும், உடல் வெப்பம் குறையும், கை மந்தமாகும், படித்த எண் நினைவில் நில்லாது. விமானி நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தாலும் இது நிகழும். பல இரவுகள் பழகிவிட்டால் உடல் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். முழுமையாக ஒத்துக்கொள்வது அரிது. வேலை முடிந்து வீடு திரும்பும்போதே முகத்தில் வெயில் அடிக்கிறது. விடுமுறை நாளில் குடும்பத்தோடு பகலில் விழித்திருக்கிறோம். கடிகாரம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடக் குறுகியது, தரத்திலும் தாழ்ந்தது. உடற்கடிகாரத்தைக் குலைக்கும் முறைப்பணியைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இல் சேர்த்தது என்பதும் எண்ணத் தக்கது.

2013 ஆகஸ்ட் 14-ஆம் நாள், அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் விடிவதற்கு முன் இறங்க வந்த சரக்கு விமானம் ஓடுபாதையை அடையாமல் தரையில் மோதியது. இரு விமானிகளும் இறந்தனர். உயரத்தைக் கவனிக்கத் தவறியதே முதற்காரணம் என்றும், களைப்பும் ஒரு காரணம் என்றும் விசாரணை முடிவு கூறிற்று. சில மாதங்கள் கழித்து, 2014 ஜனவரியில், விமானிகளின் ஓய்வைப் பற்றிய புதிய விதிகள் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தன. அவை பயணிகள் விமானங்களுக்கு மட்டுமே. செலவு மிகும் என்று காரணம் காட்டிச் சரக்கு நிறுவனங்களுக்கு விலக்களிக்கப்பட்டிருந்தது. மூட்டை ஏற்றும் விமானிக்குத் தூக்கம் குறைவாகப் போதும் என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. நம் நாட்டில், 2024-இல் திருத்தப்பட்டு 2025-இல் படிப்படியாக நடைமுறைக்கு வரத் தொடங்கிய விதிகள் வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. இது வரவேற்கத் தக்கது.

பயணிகள் விமானத்திலும் இரவு இல்லையா? உண்டு. இன்று விடியற்காலை 3 மணிக்கு எழுந்து நான்கு முறை ஏறி இறங்குவேன். நாளை மறுநாள் நள்ளிரவில் இறங்குவேன். ஒழுங்கற்ற நேரம் நன்றா, ஒழுங்கான இரவு நன்றா என்பதே என் முன் உள்ள உண்மையான வினா. சரக்கு விமானம் ஓட்டும் நண்பர்கள் ஒழுங்கான இரவே மேல் என்கின்றனர். அறிவிப்புச் செய்ய வேண்டியதில்லை, தாமதத்துக்கு எவரும் முகம் சுளிப்பதில்லை, வானமும் வானொலி அலைவரிசையும் நெரிசலின்றி இருக்கும் என்பர். தேநீரைத் தாமே கலந்துகொள்வர். மகள் பள்ளியிலிருந்து திரும்பும்போது தந்தை வீட்டில் இருப்பார். விழித்திருப்பாரா என்பது வேறு செய்தி.

பிழைப்பின் நிலையையும் கருத வேண்டும். 2012-இல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதங்கள் உள்நாட்டுப் பயணிகள் விமானம் ஒன்றும் பறக்கவில்லை. அப்போதும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷனின் சரக்கு விமானங்கள் மருந்தும் சோதனைக் கருவிகளும் ஏற்றிப் பறந்தன. இதைக் கொண்டு சரக்குத் தொழில் அசையாதது என்று முடிவு செய்தல் தவறு. கேப்டன் கோபிநாத் அதே நாக்பூரை நடுவாக வைத்து 2009-இல் தொடங்கிய டெக்கான் 360 என்ற சரக்கு நிறுவனம் 2011-லேயே ஓய்ந்துவிட்டது. மேலும், பயணிகள் நிறுவனங்கள் விமானங்களை நூற்றுக்கணக்கில் வாங்குகின்றன. 2023-இல் மட்டும் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 என்று ஆணை கொடுத்தன. சரக்கு நிறுவனத்திலோ விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விமானிகளின் வரிசையில் முன்னவர் ஓய்வு பெற்றாலன்றிப் பின்னவர் நகர முடியாது. மாறுகின்றவர் அவ்வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். புதிய வகை விமானத்துக்குத் தனிப் பயிற்சியும் பெற வேண்டும்.

இவற்றையெல்லாம் எடைபோட்டு, அந்நிறுவனத்துக்கு மூன்று வினாக்களை எழுதி அனுப்பியுள்ளேன். தொடர்ந்து எத்தனை இரவுகள் பறக்க வேண்டும்? இடைநிலையத்தில் சரக்கு மாறும் நேரத்தில் படுக்க இருட்டறை உண்டா? மின்கலப் பெட்டிகள் ஏறும்போது அவை எந்தத் தட்டில் உள்ளன என்பது புறப்படுமுன் விமானிக்குத் தெரிவிக்கப்படுமா? ஊதியத்தைப் பற்றி நான் கேட்கவில்லை; அதை அவர்களே முதல் கடிதத்தில் எழுதிவிட்டனர். முதல் வினாவுக்கு மூன்றுக்கு மேற்பட்ட எண் விடையாக வருமானால் நான் போகப் போவதில்லை. மூன்றோ அதற்குக் குறைவோ என்றால், போவதற்கே மனம் சாய்கிறது. தலைமை விமானி பணி விலக 12 மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 2017-இல் விதி வந்தது. ஆகவே இன்றே முடிவு செய்தாலும், என் முதல் சரக்கு விமானம் புறப்படுவதற்குள் கலசப்பாக்கத்துத் தறிகளில் இன்னும் ஓர் ஆடிச் சேலையும் ஒரு தீபாவளிச் சேலையும் நெய்து இறங்கியிருக்கும்.