ஊகம் உண்மை ஆகுமா?



‘ஊகம்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். போதிய சான்று கையில் இல்லாதபோது, ‘இப்படி இருக்கலாம்’ என்று நினைப்பதே ஊகம். ‘யூகம்’ என்றும் எழுதுவார்கள். பழந்தமிழில் ஒரு வகைக் குரங்குக்கும் ஊகம் என்று பெயர் உண்டு. பொருள் வேறுதான்; ஆனாலும் கட்டிப்போடாவிட்டால் இரண்டுமே தாவிவிடும்!

‘அனுமானம்’ என்பது வேறு. மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்று அடையாளத்தைக் கொண்டு அறிவது அனுமானம். கூடையில் சுமார் 50 மாம்பழம் இருக்கும் என்று அளவைச் சொல்வது ‘தோராயம்’.

அப்படியானால் ஊகிப்பது தவறா? இல்லவே இல்லை! ஊகித்த பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரான்ஸ் நாட்டுக் கணித மேதை ஃபெர்மா, 2, 4, 16, 256, 65536 என்ற எண்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் முந்தைய எண்ணை அதே எண்ணால் பெருக்கக் கிடைப்பது. இவற்றோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்துமே பகா எண்கள்! ‘இவ்வரிசையில் வரும் எல்லாமே பகா எண்களாக இருக்கும்’ என்று 1640இல் அவர் ஊகித்தார். ஆனால் 1732இல் ஆய்லர் என்ற அறிஞர் அடுத்த எண்ணைச் சோதித்தார். 4,29,49,67,297 என்ற அந்த எண், 641ஐ 67,00,417ஆல் பெருக்கினால் வந்துவிடுகிறது. ஊகம் பொய்த்தது!

ஐந்து முறை சரியாக வந்த மேதையின் ஊகத்துக்கே இந்தக் கதி. நாமோ என்ன செய்கிறோம்? வகுப்பில் ஒரு பேனா காணாமல் போகிறது. பக்கத்தில் நின்ற பையனைக் காட்டி, “அவன்தான் எடுத்திருப்பான்” என்கிறார் ஒருவர். மாலைக்குள் அது, “அவன்தான் எடுத்தான்” என்று மாறிவிடுகிறது. ‘எடுத்திருப்பான்’ ஊகம், ‘எடுத்தான்’ செய்தி. நடுவே யாரும் எதையும் சோதிக்கவில்லை. பேனா பையின் அடியிலேயே கிடைக்கலாம். ஆனால் அந்தப் பையனின் மனக்காயம் எளிதில் ஆறுமா?

இன்று ஒரு பயிற்சி. நாளிதழை எடுத்து, ‘இருக்கலாம்’, ‘எனக் கூறப்படுகிறது’, ‘எனச் சந்தேகிக்கப்படுகிறது’ என்று முடியும் வாக்கியங்களை அடிக்கோடிடுங்கள். அந்தச் செய்தியை நண்பரிடம் சொல்லும்போது, அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிடாமல் சொல்லுங்கள், பார்க்கலாம்!