விடியற்காலைச் சர்க்கரை

கடையை அடைத்து வீடு சேர இரவு மணி பத்து. இரண்டே சப்பாத்தி சாப்பிட்டுப் படுத்தவருக்குக் காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 180. "ஒன்றும் சாப்பிடாமலே எப்படி ஏறும்?" என்று நம் வணிக நண்பர்கள் பலர் கேட்கிறார்கள்.

நமது கல்லீரல் சர்க்கரையை இருப்பு வைக்கும் கிடங்கு. விடியற்காலை 3 மணிக்கு மேல் உடம்பு விழிக்க ஆயத்தமாகும்போது கார்ட்டிசால் முதலிய ஹார்மோன்கள் கூடுகின்றன. கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. மற்றவர்களுக்கு இன்சுலின் இதைச் சரிக்கட்டிவிடும். டைப் 2 சர்க்கரை நோயாளிக்கு அது போதுவதில்லை.

சில நாட்கள் படுக்கும்போதும், 3 மணிக்கும், எழுந்ததும் குளுக்கோமீட்டரில் பார்த்துச் சிட்டையில் எழுதுங்கள். படுக்கும்போதே அதிகமானால் இரவுச் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும். 3 மணிக்குச் சரியாயிருந்து பிறகு ஏறினால், மேலே சொன்ன காரணம். 3 மணிக்கு 70க்குக் கீழே இருந்தால் ஆபத்து. உடனே குளுக்கோஸ் அல்லது சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு, மறுநாளே மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் அளவு கூடியிருக்கலாம்.

இது தெரியாமல் ஒருமுறை இரவு மாத்திரையை நானாகவே கூட்டிப் போட்டேன். நடுநிசியில் வியர்த்துக் கொட்டிக் கைகால் நடுங்கிவிட்டது. வீட்டில் விழித்துக்கொண்டதால் பிழைத்தேன். அந்தத் தவறை யாரும் செய்ய வேண்டாம்.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் கடையிலேயே முடித்துக்கொண்டு, பிறகு சற்று நடப்பது நல்லது. வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை என்பது பொதுவான இலக்கு. வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப மாறும். சிட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் பொறுப்பு.