நூல் நடக்கும் வழியும் நிற்கும் இடமும்

ஒரு பருத்திச் சேலையை நெய்து முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று நம் அங்கத்தினர் எவரைக் கேட்டாலும் தயங்காமல் விடை கூறுவர். அச்சேலைக்குரிய நூல் சங்கத்தின் பண்டகசாலைக்குள் வந்த நாள் முதல், சேலை விற்றுப் பணமாகித் திரும்பும் நாள் வரை எத்தனை நாள் கழிகிறது என்று கேட்டால், விடை கூறுவோர் மிகச் சிலரே. நெசவாளருக்குக் கூலி உரிய காலத்தில் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கைப் பொறுத்தே இருக்கின்றன. அக்கணக்கை ஒரே தாளில் வரைந்து பார்க்கும் முறை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் வால்யூ ஸ்ட்ரீம் மாப்பிங் என வழங்கும் அதனை நாம் மதிப்பு ஓட்ட வரைபடம் என்று அழைப்போம்.

மோட்டார் தொழிற்சாலையில் வளர்ந்த முறை இது. எனினும் அதன் வேர் தறியில் இருக்கிறது என்பது நெசவாளர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. ஜப்பானில் சாகிச்சி டொயோடா என்பவர் 1924-ஆம் ஆண்டில் ஒரு தானியங்கித் தறியை நிறைவுபடுத்தினார். பாவு இழை அறுந்தால் அத்தறி தானே நின்றுவிடும். பழுதான துணியை நெய்துகொண்டே போகாது. 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் கம்பெனி அத்தறியின் உரிமையை விலைக்கு வாங்கியது. அவருடைய மகன் கீச்சிரோ 1937-ல் மோட்டார் கம்பெனியைத் தோற்றுவித்தார். அக்கம்பெனியின் உற்பத்தி முறையை வகுத்தவர்களுள் முதன்மையான தாய்ச்சி ஓனோவும் 1932-ல் டொயோடாவின் நூற்பு நெசவு ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, 1943-ல் மோட்டார் பக்கம் சென்றவர்தாம். சரக்கு ஓடும் வழியையும் செய்தி ஓடும் வழியையும் சேர்த்து வரைவது அங்கே வழக்கமாயிற்று. மைக் ரோதர், ஜான் ஷூக் என்னும் இருவர் 1998-ல் எழுதிய நூலின் வாயிலாக அவ்வழக்கம் உலகெங்கும் பரவியது. காணக் கற்றல் என்று பொருள்படும் பெயரை அந்நூலுக்கு இட்டனர். மிகப் பொருத்தமான பெயர் என்பது நமது அபிப்பிராயம்.

வரையும் விதம் கடினமன்று. ஒரு தாளும் பென்சிலும் போதும். முதலில் ஏதேனும் ஒரு ரகத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்; எல்லா ரகங்களையும் ஒரே தாளில் அடைத்தால் ஒன்றும் விளங்காது. பிறகு நடக்க வேண்டும். அதுவும் விற்பனை முனையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும்: கடை, சங்கத்தின் சரக்கறை, கொள்முதல் மேசை, தறி, பாவு ஓட்டும் இடம், சாயப்பட்டறை, நூல் பண்டகசாலை. வேலை நடக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கட்டம். சரக்கு குவிந்து நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முக்கோணம். முக்கோணத்தின் கீழே அங்குள்ள சரக்கைக் கண்ணால் எண்ணிக் குறிக்க வேண்டும். பதிவேட்டைப் பார்த்து எழுதுவது வரைபடமாகாது. தாளின் அடியில் கோட்டைச் சுவர்போல் ஏறி இறங்கும் ஒரு கோடு வரையப்படும். மேட்டில் காத்திருந்த நாட்களையும், பள்ளத்தில் வேலை நடந்த நேரத்தையும் எழுதுவார்கள்.

குவிந்து நிற்கும் சரக்கை நாளாக மாற்றுவது எவ்வாறு? இருப்பை அன்றாடச் செலவால் வகுத்தால் நாள் கிடைக்கும். எடுத்துக்காட்டுக்காக ஒரு சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் 40 தறிகள். ஒரு சேலைக்குத் தறியில் 2 நாள். ஆகவே நாளொன்றுக்கு 20 சேலைகள் இறங்குகின்றன. விற்பதோ சராசரி நாளொன்றுக்கு 16. பண்டகசாலையில் 200 சேலைக்குரிய நூல் இருந்தால் அது 10 நாள் இருப்பு. சாயப்பட்டறையில் ஒரு தொட்டி நிறையும் அளவு சேரும் வரை 120 சேலைக்குரிய நூல் கிடந்தால் 6 நாள். ஓட்டி முடித்த பாவுகள் 10, ஒவ்வொன்றிலும் 6 சேலை எனில், 3 நாள். நெய்த சேலைகள் கொள்முதல் நாளை எதிர்நோக்கி நெசவாளர் வீடுகளில் 60 இருந்தால் மீண்டும் 3 நாள். சரக்கறையில் 480 சேலைகள். நாளுக்கு 16 வீதம் விற்றால் 30 நாள். ஆகக் காத்திருப்பு மட்டும் 52 நாள். சாயம், பாவு, கஞ்சி, நெசவு ஆகிய வேலைகளைக் கூட்டினாலோ 5 நாளைத் தாண்டாது. ஒரே பாவில் ஆறாவது சேலைக்குரிய நூல், முன் ஐந்தும் நெய்து முடியும் வரை தறியிலேயே 10 நாள் காத்திருக்கிறது. அதை நாம் மேற்படி கணக்கில் சேர்க்கவே இல்லை.

இது கைத்தறிக்கு மட்டும் நேர்ந்த குறை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தின் கடைகளில் விற்கும் கோலா பானத்தின் அலுமினியக் குவளை, சுரங்கத்து மண்ணாக இருந்த நாள் முதல் வாங்குவோர் வீட்டை அடையும் வரை 319 நாட்கள் ஆகின்றன என்றும், அவற்றுள் பயனுள்ள வேலை நடப்பது சுமார் 3 மணி நேரமே என்றும் வோமாக், ஜோன்ஸ் என்னும் இருவர் 1996-ல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

நமது கற்பனைச் சங்கத்திற்கே திரும்புவோம். வருமானம் போதவில்லை என்றால் வழக்கமாகக் கூறப்படும் யோசனை யாது? நெசவாளர் இன்னும் விரைவாக நெய்ய வேண்டும் என்பதே. இரண்டு நாளில் நெய்யும் சேலையை ஒன்றரை நாளில் நெய்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஐம்பத்தேழு நாளில் அரை நாள் குறையும். சரக்கறையின் குவியலோ மேலும் உயரும். நாடாவை விரட்டுவதால் தீரும் நோய் அன்று இது. சரக்கறையிலுள்ள 480 சேலைகளின் அடக்கவிலை சேலைக்கு 800 ரூபாய் எனில், 3,84,000 ரூபாய் அலமாரியில் மடிந்து கிடக்கிறது. அது கடன் பணமாக இருந்து வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால், மாதம் 3,200 ரூபாய் எவருக்கும் பயனின்றிக் கரைகிறது. கூலி பாக்கி நிற்பதற்குக் காரணம் தேடுவோர் முதலில் அந்த அலமாரியைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

ஆயின் விற்பனையைவிட நாளொன்றுக்கு 4 சேலை மிகுதியாக இறங்குகிறதே, அதற்கென் செய்வது? 8 தறிகளின் வேலை அது. அந்த 8 தறிகளை நிறுத்திவிடலாம் என்று கூறுவது தாளில் எளிது. தறி ஒன்றே சீவனமாக உள்ள குடும்பத்தில் அதன் விளைவு வேறு. அத்தறிகளைத் தேவையுள்ள வேறு ரகத்துக்கு, துண்டுக்கோ வேட்டிக்கோ, மாற்றுவதே கூட்டுறவுக்கு ஏற்ற வழி. அதற்கு அச்சும் விழுதும் மாற்ற வேண்டும். கைப்பழக்கம் மாறவும் நாள் ஆகும். கூலி விகிதமும் வேறுபடும். ஆகவே மாறும் காலத்தில் நெசவாளருக்கு நேரும் கூலி இழப்பைச் சங்கமே ஏற்பதாக முன்கூட்டி முடிவு செய்யாமல் இதில் இறங்குதல் கூடாது.

வரைபடத்தின் மேற்பாதியில் செய்தியின் வழி வரையப்படும். நாம் கவனித்த வரையில் பெருங்குறை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கடையில் எந்த நிறம் விற்றது, எந்தக் கரை தேங்கியது என்னும் செய்தி தறிக்கு எட்ட எத்தனை நாள்? மாதக் கணக்கு முடித்த பிறகே அது சங்கத்துக்கு வருமாயின், இதற்கிடையில் விற்காத நிறத்திலேயே பல பாவுகள் ஓட்டப்பட்டிருக்கும். வாரம் ஒருமுறை விற்ற நிறங்களின் பட்டியலைத் தருவித்து, சாயப்பட்டறைக்குச் சிறு சிறு அளவாக வாரம் இருமுறை நூல் அனுப்பினால், செலவு அதிகமின்றியே பல நாட்கள் குறையும். சிறு அளவில் சாயமிட்டால் நிறம் சற்று வேறுபடக்கூடும் என்று சாயக்காரர் கூறுவார். அவர் கூறுவது உண்மையே. ஆகவே ஒரு பாவுக்கும் அதன் ஊடைக்கும் வேண்டிய நூல் முழுவதும் ஒரே தொட்டியில் தோயும்படி அளவை வகுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கூறிவைக்க வேண்டும். மோட்டார் வண்டி ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராகக் கட்டப்படுவது. கைத்தறிச் சேலையோ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன் மிகுதியாக விற்பது. புரட்டாசியில் அலமாரி நிறைந்திருப்பது குற்றமன்று. ஆகவே பண்டிகைக்கு முன் ஒரு வரைபடமும், விற்பனை மந்தமான காலத்தில் மற்றொன்றும் வரைவது அவசியம். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்பவர் ஏமாறுவார்.

கரும்பு பயிரிடும் அங்கத்தினருக்கு இம்முறை இன்னும் அவசரமானது. துணி காத்திருந்தால் பணம் முடங்கும்; கரும்பு காத்திருந்தால் கரும்பே குறையும். வெட்டிய கரும்பில் நீர் வற்றி எடை இறங்குகிறது. சர்க்கரைச் சத்தும் சிதைந்து, படிகமாகாத வேறு சர்க்கரையாக மாறுகிறது. அதனால்தான் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரவைக்குச் சேர்ப்பது நலம் என்கிறார்கள். இங்கே வரைபடத்தை ஆலையின் அரவை எந்திரத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வரைய வேண்டும். எந்திரம் மணிக்கு எவ்வளவு அரைக்கிறதோ அதற்கு ஏற்பவே வெட்டு உத்தரவு வழங்கப்பட வேண்டும். முற்றத்தில் வண்டிகள் வரிசையாக நிற்பதைச் சிலர் ஆலையின் செழிப்பு என்று கருதுகிறார்கள். வயலில் நிற்கும் கரும்பைவிட வண்டியில் நிற்கும் கரும்பு விரைவில் கெடும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நடந்து வரையும் பணியைக் காரியாலய ஊழியரிடம் மட்டும் ஒப்படைத்தல் ஆகாது. நிர்வாகக் குழுவினர் ஒருவர், நெசவாளர் இருவர், சாயக்காரர் ஒருவர் சேர்ந்து செல்லட்டும். நெசவு நேரத்தை நெசவாளரே கூறட்டும். கடிகாரத்துடன் தறிக்கு அருகில் நின்று அளப்பது சந்தேகத்தையே வளர்க்கும். அவ்வாறு பெற்ற நேரத்தைக் கூலிக் குறைப்புக்கு உபயோகிப்பதில்லை என்று குழுவில் தீர்மானம் எழுதிய பிறகே முதல் கட்டத்தை வரையத் தொடங்குவது முறை. வரைந்த தாளைக் கொள்முதல் மேசைக்கு மேலே, சேலை கொண்டுவரும் எவரும் பார்க்கும்படி ஒட்டிவைக்கலாம். தவறான எண் இருந்தால் அவர்களே திருத்திச் சொல்வார்கள்.