எழுத்தாணியும் கரையானும்

1849-ல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் ஓர் இந்தியக் காண்டாமிருகம் செத்தது. உடற்கூறு வல்லுநர் ரிச்சர்ட் ஓவன் அதை அறுத்துப் பார்த்தபோது, தைராய்டை ஒட்டி மஞ்சளாக ஒரு சிறு உருண்டை தட்டுப்பட்டது. குறித்துவைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். மனித உடலிலும் அது உண்டு என்று 1880-ல் எழுதியவர், ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த இவார் சாண்ட்ஸ்ட்ரோம். அதைக் கண்டபோது அவர் மருத்துவ மாணவர்தான். அவரையும் அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அதுதான் பாராதைராய்டு. பெயரில் தைராய்டு இருக்கிறதே தவிர, வேலையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெரும்பாலோருக்கு நான்கு இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் அரிசிமணி அளவு.

உடம்பில் உள்ள கால்சியம் ஏறக்குறைய ஒரு கிலோ. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் கிடக்கிறது. ரத்தத்தில் ஓடுவது 100 மில்லிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரைதான். அது மிகவும் குறைந்தால் விரல்கள் இழுத்துக்கொள்ளும், வலிப்பு வரும். குறையத் தொடங்கியதுமே நான்கு அரிசிமணிகளும் பாராதைராய்டு ஹார்மோனைக் கொட்டுகின்றன. எலும்பிலிருந்து கால்சியம் இறங்குகிறது. சிறுநீரில் போக இருந்தது திரும்ப இழுக்கப்படுகிறது. ஹார்மோன் ரத்தத்தில் நிற்பது சில நிமிடங்களே.

கொட்டிவிட்டால் கையிருப்பு தீருமே, மறுபடி செய்ய வேண்டாமா? மரபணு இங்கேதான் நுழைகிறது.

இந்த ஹார்மோனின் செய்முறை 11-வது குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கிறது. மூலச் சுவடி செல்லின் உட்கருவை விட்டு வெளியே வராது. வேண்டும்போது படியெடுத்த ஓலை ஒன்று வெளியே போகும். அதுதான் தூது ஆர்.என்.ஏ. ஓலை எத்தனை நாழிகை இருக்கிறதோ அத்தனை நாழிகை ஹார்மோன் தயாராகும். ஆகவே உற்பத்தியைக் குறைக்க இரண்டு வழிகள்: படியெடுக்கும் எழுத்தாணியை நிறுத்தலாம், எழுதிய ஓலையைக் கரையானுக்குக் கொடுக்கலாம்.

உடம்பு இரண்டையும் செய்கிறது. வைட்டமின் டி எழுத்தாணியைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் கரையானை ஏவுகிறது.

முதலாவதைக் காட்டியவர்கள் ஜெருசலேம் ஹடாஸா மருத்துவமனையின் ஜஸ்டின் சில்வரும் டாலி நாவே-மானியும் அவர்கள் குழுவினரும். 1980-களின் நடுவில், எலிகளில் சோதித்தார்கள். வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவமான கால்சிட்ரியாலை எலிக்குச் செலுத்தியதும், 48 மணி நேரத்தில் அந்த ஓலைகள் அடியோடு சரிந்தன. கவனிக்க: ரத்தக் கால்சியம் ஏறவே இல்லை. கால்சியத்தைத் தூது விடாமல், வைட்டமின் தன்னைப் பற்றும் புரதமான ஏற்பியோடு தானே சேர்ந்து மரபணுவின் வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறது. வைட்டமின் என்று நாம் சொல்வது உண்மையில் ஹார்மோன் வேலை பார்க்கிறது.

கால்சியத்தின் கதை இதைவிடச் சுவையானது. பாராதைராய்டு செல்லின் மேல்பரப்பில் கால்சியத்தை உணரும் ஏற்பி உண்டு. பாஸ்டனில் எட்வர்ட் பிரவுன், ஸ்டீவன் ஹீபர்ட் குழுவினர் 1993-ல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அது தரும் தகவல் ஓலையின் வால் நுனிவரை போகிறது. அந்த வாலைப் பிடிக்க இரண்டு புரதங்களுக்குள் போட்டி. ஏ.யு.எஃப்.1 பிடித்தால், சுவடிக்கு எண்ணெய் பூசியதுபோல ஓலை நீடிக்கும். கே.எஸ்.ஆர்.பி. பிடித்தால் அரிக்கும் நொதிகளைக் கூட்டிவந்துவிடும். கால்சியம் குறைந்தால் முன்னதன் கை ஓங்கும்; போதுமான அளவு இருந்தால் பின்னதன் கை.

வைட்டமின் டி-யும் கால்சியமும் மோதினால் யார் ஜெயிப்பது? கால்சியம் மிகக் குறைந்த தீனியில் மூன்று வாரம் வளர்ந்த எலிகளின் ரத்தத்தில் கால்சிட்ரியால் ஏராளமாக இருந்தது. அப்படியும் ஓலைகள் பெருகின. கால்சியம் பஞ்சமானால் வைட்டமின் டி-யின் பிடி எடுபடுவதில்லை. எலும்பு தேய்ந்தாலும் பரவாயில்லை, இதயம் துடிக்க வேண்டும் என்ற கணக்கு.

சிறுநீரகம் கெட்டவர்களிடம் இந்தக் கணக்கு முழுதும் குலைகிறது. வைட்டமின் டி-யைக் கால்சிட்ரியாலாக மாற்றும் முக்கிய இடம் சிறுநீரகம்தான். அது ஓய்ந்ததும் எழுத்தாணியைப் பிடிக்க ஆளில்லை. கால்சியமும் இறங்குவதால் கரையானும் வருவதில்லை. அரிசிமணிகள் நாளடைவில் வீங்கிப் பருக்கின்றன, எலும்பு கரைகிறது. டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கால்சிட்ரியால் கொடுப்பதும், கால்சிய ஏற்பியை ஏமாற்றும் சினகால்செட் மாத்திரை 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் இந்த இரண்டு கடிவாளங்களை மீண்டும் பூட்டத்தான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பரிசோதனைக் கூடங்களில் வழக்கமாக எடுக்கும் வைட்டமின் டி அளவு, கல்லீரல் தயாரிக்கும் இருப்பு வடிவத்தின் அளவு. கால்சிட்ரியால் அதில் தெரியாது. வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால், அந்த ஒரு எண்ணைப் பார்த்துத் திருப்தியடையாமல், கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் சேர்த்து வைத்து மருத்துவரிடம் கேளுங்கள். பாஸ்பரஸ் ஏன் என்கிறீர்களா? அது அடுத்த வாரம்.